ஓய்வு எனக்கு ஆகாது

அதிகாலை மூன்றே முக்கால் மணி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும் சாலையில் ரோந்து ஜீப் ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. முன்னிருக்கையில் இருந்த ஏட்டு டார்ச் விளக்கை என் முகத்தில் அடித்தார்.

“எங்கே போகிறாய்?”

“எங்கேயும் இல்லை சார். சும்மா நடக்கிறேன்.”

“இந்த நேரத்திலா?”

“முதுகுவலி சார்.”

ஏட்டு டிரைவரைப் பார்த்தார். டிரைவர் என் செருப்பைப் பார்த்தார். “முதுகுவலி என்றால் வீட்டில் படுத்திருக்க வேண்டியதுதானே?”

நியாயமான கேள்விதான். பதினாறு வருடங்களாக அம்மாவும் மாமனாரும் ஆபீஸ் முதலாளியும் கல்யாண வீடுகளில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் கேட்டுவரும் கேள்வி. டார்ச் அடித்துக் கேட்டவர் இவர் ஒருவர்தான். “படுத்திருந்ததால்தான் சார் வலிக்கிறது” என்றேன். குடித்திருக்கிறேனா என்று மோந்து பார்க்கிற தூரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, இவனிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முடிவுசெய்து கையை ஆட்டினார். ஜீப் போய்விட்டது.

சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது. சிலருக்குக் கருவாடு ஆகாது. எனக்குப் படுக்கை ஆகாது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதுதான் இந்த நோயில் எனக்கு இருக்கும் பெரிய குறை. வலியைக்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம்.

இரவு பத்தரைக்குப் படுத்தால் முதல் தூக்கம் நன்றாகவே வரும். இரண்டரை, மூன்று மணிவாக்கில் பிட்டத்துக்குள்ளே, கை வைத்துத் தேய்த்தாலும் எட்டாத ஆழத்தில், ஒரு குடைச்சல் ஆரம்பிக்கும். ஒரு வாரம் இடது பக்கம், மறு வாரம் வலது பக்கம் என்று அதற்கு ஒரு முறைமாற்றம் உண்டு. புரண்டு படுக்கலாம் என்றால் உடம்பு தனித்தனியாகத் திரும்பாது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மரப்பலகையைத் திருப்புவதுபோல மொத்தமாகத் திருப்ப வேண்டும். எழுவதற்கு முதலில் பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கீழே போட்டு, முழங்கையை ஊன்றி நெம்ப வேண்டும். நிமிரும்போது இடுப்பில் யாரோ சிமெண்டு பூசிக் காயவைத்ததுபோல இருக்கும். முதல் பத்து அடி எண்பது வயதுக் கிழவன் நடை. தெருமுனை வரும்போது அறுபது. டீக்கடைக்குப் போய்ச் சேரும்போது என் உண்மையான வயதான நாற்பதுக்கு வந்துவிடுவேன். மதுரையைத் தூங்கா நகரம் என்று சொல்வது எனக்கு மிகவும் வசதியாகிவிட்டது. அந்த நேரத்துக்கு மல்லிகை மூட்டைகள் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும், பால் வண்டி வரும், டீ மாஸ்டர் முதல் வடிகட்டலை முடித்திருப்பார். ஒருவனும் என்னை ஏன் தூங்கவில்லை என்று கேட்பதில்லை, போலீசைத் தவிர.

மருத்துவர்கள் வலியைப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அது ஒருபோதும் சரியாக வந்ததில்லை. இரவில் இருப்பது குடைச்சல். காலையில் இருப்பது பிடிப்பு. குதிகாலில் வருவது குத்தல். மழைக்கால மாலைகளில் உடம்பு முழுக்கப் பரவுவதை அம்மா உளைச்சல் என்பாள். நான்கும் நான்கு விதம். நான்கையும் கூட்டி, சராசரி எடுத்து, “ஆறு” என்று சொல்லிவிட்டு வருவேன்.

இது தொடங்கியபோது எனக்கு வயது இருபத்து நான்கு. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்வதால் வரும் வலி என்றார்கள். டிஸ்க் விலகியிருக்கும் என்றார் முதலில் பார்த்த மருத்துவர். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மூன்று வாரம் முழு ஓய்வு, இடுப்புக்குப் பெல்ட், இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் படுக்கை. என் வாழ்க்கையில் ஆக மோசமான மூன்று வாரங்கள் அவைதான். நாள் செல்லச் செல்ல உடம்பு இறுகிக்கொண்டே போனது. திரும்பப் போய்ச் சொன்னேன். அப்படியானால் ஓய்வு போதவில்லை, இன்னும் இரண்டு வாரம் என்றார்.

அதன்பிறகு காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு நாட்டு வைத்தியர் முதுகில் ஏறி மிதித்தார். ஒரு மாமா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய், ஏழரைச் சனி என்று கேட்டுக்கொண்டு வந்தார். கிண்டலுக்காகச் சொல்லவில்லை, கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. ஏழு வருடம் கழித்துத்தான் என் நோய்க்குப் பெயர் கிடைத்தது. அதைக் கொடுத்தது முதுகு அல்ல, கண்.

ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவியிருந்த ஒரு வாரம். என் இடது கண் சிவந்தது. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒட்டிக்கொள்ளும் என்று ஆபீசுக்கும் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சந்தேகம் வந்தது. பீளை தள்ளவில்லை. காலையில் இமை ஒட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் ஊசி மாதிரி உள்ளே இறங்கியது. செல்போன் திரையைக்கூடப் பார்க்க முடியவில்லை. கண் மருத்துவமனைக்குப் போனேன். தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்த அந்த மருத்துவர், இது மெட்ராஸ் ஐ இல்லை, கண்ணுக்கு உள்ளே அழற்சி என்றார். கண் பாப்பாவை விரிக்க ஒரு சொட்டு, அழற்சிக்கு ஒரு ஸ்டீராய்டு சொட்டு. சீட்டு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“காலையில் எழுந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறதா?”

நான் பதில் சொல்லவில்லை. கண்ணைக் காட்ட வந்தவனிடம் முதுகைப் பற்றிக் கேட்கிறாரே என்ற திகைப்பு. “எழுந்து நடந்தால் குறைகிறதா? ராத்திரி பாதியில் முழிப்பு வருகிறதா?” என்று அடுத்தடுத்துக் கேட்டார். ஏழு வருடங்களில் யாரும் கேட்காத கேள்விகள். ஆமாம், ஆமாம், ஆமாம் என்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. சொட்டு மருந்தால் கண் கலங்கியிருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார்.

அங்கிலோசிங் ஸ்பாண்டிலிட்டிஸ் என்பது பெயர். முதுகெலும்பும் இடுப்பும் சேரும் மூட்டில் தொடங்கும் அழற்சி. தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களை அது பிடிக்கிறது; சிலருக்குக் கண்ணையும். அழற்சி ஆறும் இடத்தில் புது எலும்பு முளைக்கிறது. அது முற்றினால் முதுகெலும்பின் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எக்ஸ்ரேயில் மூங்கில் மாதிரித் தெரியும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவே பல வருடங்கள் ஆகலாம் என்பதால் ஆரம்பத்தில் எடுத்த படங்கள் எல்லாம் சுத்தமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கலாம். தேய்மானத்தால் வரும் முதுகுவலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். அழற்சியால் வருவது நேர் எதிர். கேட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும் வித்தியாசம். கேட்கத்தான் ஆளில்லை.

1690களில் பெர்னார்ட் கானர் என்ற ஐரிஷ் மருத்துவர், பிரான்சில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே எலும்பாக ஆகியிருந்ததாம். ஒரு நள்ளிரவில் அதைப் படித்தபோது, அந்த மனிதரையும் வீட்டில் எல்லோரும் படு படு என்று சொல்லியே கொன்றிருப்பார்கள் என்று தோன்றியது.

நோயின் பெயர் தெரிந்ததால் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று நினைத்தேன். பெயரைச் சொல்லும்போதுதான் புதுக் குழப்பம். “ஸ்பாண்டிலிட்டிஸா? எனக்கும்தான் இருக்கிறது, ஒரு மாதம் கழுத்துப் பட்டை போட்டேன், சரியாகிவிட்டது” என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். அவர்களுக்கு இருப்பது ஸ்பாண்டிலோசிஸ், வயதால் வரும் கழுத்தெலும்புத் தேய்மானம். ஓரிரண்டு எழுத்து மாறுகிறது, நோயே வேறு. முதலில் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது “அப்படியா, நல்லது” என்று சொல்லிவிடுகிறேன்.

எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இரண்டு குழுக்கள் ஒரே ஆண்டில், 1973இல், தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ரத்தப் பரிசோதனையில் எனக்கு அது இருந்தது. உறவில் ஒருவர் காதோடு காதாக, “உன் பெண்ணுக்கும் வருமா?” என்று கேட்டார். அந்த மரபணு இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அதைச் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. என் முகமும்தான்.

வாதநோய் நிபுணரின் காத்திருப்பு அறையில் ஒருமுறை ஒரு பெண் என்னைப்போலவே உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். உட்கார இடமிருந்தும் நிற்பவர்களை எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடும். எத்தனை வருடமாக என்று கேட்டேன். பதினோரு வருடம். “சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதால் வந்தது என்று சொல்லிவிட்டார்கள் அண்ணே. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வலிக்கிறது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?” நம் ஊரில் பிள்ளை பெற்ற பெண் முதுகு வலிக்கிறது என்றால் பழியை அந்த ஊசியின் மேல் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். இது ஆண்களின் நோய் என்று மருத்துவர்களே நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். பெண்களுக்கும் வரும், கண்டுபிடிக்கத்தான் தாமதமாகும். எனக்கு ஏழு, அவருக்குப் பதினொன்று.

மாத்திரைகள் கேட்கும் வரை மாத்திரைகள். பிறகு ஊசி. அடலிமுமாப் என்ற மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒன்று, நானே வயிற்றிலோ தொடையிலோ குத்திக்கொள்ள வேண்டும். டி.என்.எஃப். என்ற ஒரு புரதத்தை அது தடுக்கிறது. என் முதுகில் நெருப்பு மூட்டும் அதே புரதம்தான், உடம்புக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் காவல் காக்கிறது. காவலை எடுத்தால் காசநோய் விழித்துக்கொள்ளலாம். அதனால் முதல் ஊசிக்கு முன் நெஞ்சுக்கு எக்ஸ்ரே, முன்கையில் மாண்டூ என்ற காசநோய்ச் சோதனை ஊசி, அது எவ்வளவு தடித்திருக்கிறது என்று மூன்றாம் நாள் அளந்து பார்ப்பது எல்லாம் உண்டு.

2014 டிசம்பரில் இந்த மருந்தின் நிகர் வடிவத்தை இந்திய நிறுவனம் ஒன்று இங்கேயே கொண்டுவந்ததால்தான் என்னைப் போன்றவன் அதைப் பற்றி யோசிக்கவாவது முடிந்தது. அப்படியும் மாதம் இரண்டு ஊசி என் சம்பளத்தில் பாதிக்கு மேல். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் தோசை மாவுத் தூக்குக்கும் மல்லித்தழைக் கட்டுக்கும் நடுவில் அது இருக்கும். மின்சாரம் போனால் வீட்டில் எல்லோரும் விசிறியைத் தேடுவார்கள், நான் ஐஸ் டப்பாவைத் தேடுவேன். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்தது. எவ்வளவோ வருடம் கழித்து விடியும்வரை தூங்கியிருக்கிறேன். நான் அசையாமல் கிடப்பதைப் பார்த்து அம்மா மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாளாம்.

எட்டு மாதம் ஒழுங்காகப் போட்டேன். பிறகு பதினான்கு நாள் இருபத்தொரு நாளானது, அது ஒரு மாதமானது, பிறகு மகளின் பள்ளிக் கட்டணம் வந்தது. இதை மருத்துவரிடம் மறைக்கவில்லை. “முடிந்தபோது போடுங்கள், நடையை மட்டும் விடாதீர்கள்” என்றார். நடை இலவசம்.

மதுரையில் இந்த மாதிரி நோய்க்காரன் தப்பிக்க முடியாத ஒரு பேச்சு உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் வெங்கடசாமியைக் காட்டிப் பேசுவார்கள். ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர், முடக்குவாதம் தாக்கி 1948இல் அங்கிருந்து விடுவிக்கப்பட்டவர். மகப்பேறு மருத்துவராக விரும்பியவருக்கு விரல்கள் கோணிவிட்டதால் கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணிய விரல்களோடு ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சைகள். 1976இல் ஓய்வு பெற்றபின் பதினொரு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். “அவரே அப்படிச் செய்திருக்கிறார், உனக்கு என்ன?” என்று முடிப்பார்கள். எங்கள் முதலாளியும் ஒருமுறை சொன்னார், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான் நாற்காலியை விட்டு எழுந்து வராண்டாவில் நடப்பதைக் கணக்கு வைத்திருந்துவிட்டு.

எனக்கு அந்த மனிதர் மேல் இருக்கும் மரியாதையில் குறைவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு பகுதியை எப்போதும் விட்டுவிடுகிறார்கள். அவர் கைக்குத் தோதாக அறுவைக் கருவிகள் வடிவமைக்கப்பட்டன. கருவிதான் விரலுக்கு வளைந்துகொடுத்தது. நான் கேட்டது அந்த அளவுக்குக்கூட இல்லை. கம்ப்யூட்டரை நின்றபடி பார்க்க ஓர் உயரமான மேஜை. பழைய மர அலமாரி ஒன்று கொல்லைப்புறத்தில் கிடந்தது, அதைப் போதும் என்றேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் மட்டும் நின்றால் வருகிற வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்று மறுத்துவிட்டார்.

ரயில் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கீழ் பெர்த்துக்காக ஒரு மாதம் முன்பே டிக்கெட் எடுப்பேன். நடு பெர்த்தில் தலையைத் தாழ்த்தி நுழைந்து, உருண்டு, மறுபடி இறங்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை வயதான தம்பதி ஏறினார்கள். பெரியவருக்கு நடு பெர்த். அவர் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்தான் கேட்டார்: “தம்பி, இளவயதுதானே, ஐயாவுக்கு மாற்றிக்கொடுக்கலாமே?” எனக்கு முதுகில் நோய் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிளாட்பாரத்தில் அரை மணி நேரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான் நடந்துகொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ரயிலில் ஏறுவதற்கு முன் உடம்பைத் தளர்த்திக்கொள்ள நான் செய்வது அது. நோய்க்கு நான் எடுத்துக்கொள்ளும் மருந்தே என்னை ஆரோக்கியமானவனாகக் காட்டிக்கொடுக்கிறது. பையிலிருந்து மருத்துவச் சீட்டை எடுத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கூசியது. பெர்த்தை மாற்றிக்கொடுத்தேன். நடு பெர்த்துக்கு ஏறவில்லை. திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம் என்று விடியும்வரை நடைபாதையிலும் கதவருகிலுமாக நின்றே போனேன். பெரியவர் நன்றாகக் குறட்டை விட்டார். காலையில் எழும்பூரில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்கு ஒரு குறையும் வராது தம்பி” என்றார்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். காலண்டர் மாட்டியிருக்கும் சுவரில் குதிகாலும் பிட்டமும் படும்படி ஒட்டி நிற்பேன். மோவாயை உயர்த்தாமல் பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் எவ்வளவு இடைவெளி என்று மகள் தன் பள்ளிக்கூட ஸ்கேலை நுழைத்து அளந்து நோட்டில் எழுதுவாள். மருத்துவர் இதையே செய்வார். கூடவே என் இடுப்பில் பால்பாயிண்ட் பேனாவால் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, குனியச் சொல்லி மறுபடி அளப்பார். நன்றாக வளையும் முதுகில் அது பதினைந்தாக நீளும். எனக்குப் பன்னிரண்டரை. குளித்தபின்னும் இரண்டு நாள் அந்தக் கோடுகள் போகாது. சுவர்க் கணக்கு சென்ற வருடம் வரை பூஜ்ஜியம். இந்தச் சித்திரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர். மகள் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுவரில் மேடு இருக்கிறது அப்பா” என்றாள். நோட்டில் எழுதும்போது ஒன்றரை என்றுதான் எழுதினாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை அதிகம் படுக்கச் சொன்னவள் அவள்தான். ஆபீஸ் விட்டு வந்ததும் பாயை விரித்து வைத்திருப்பாள். இலவம்பஞ்சு வாங்கி, வெயிலில் காயவைத்து, புது மெத்தை தைக்கக் கொடுத்தாள். நான் அதில் படுக்காதபோது முகம் வாடிப் போகும். இரவில் எழுந்து கதவைத் திறந்தால், “வேண்டாம்டா, படு, இப்படி அலைந்தால் எப்படிச் சரியாகும்?” என்று வாசல் வரை வருவாள். மருத்துவர் சொன்னதை எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னேன். படித்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள் என்பாள். கல்லடி பட்டவன் படுத்துக்கிடந்தால்தான் தேறுவான் என்பது அவள் எழுபது வருடத்து அனுபவம். அதை என் ஒருவன் முதுகுக்காக மாற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை.

போன வாரம் மறுபடியும் மூன்றரைக்குக் குடைச்சல். உருண்டு, கால்களைக் கீழே போட்டு, முழங்கையை ஊன்றி எழுந்தேன். இருட்டில் செருப்பைக் காலால் துழாவினேன். வழக்கமாகக் கிடக்கும் இடத்தில் இல்லை. குனிந்து தேட முடியாது. சற்று நேரம் தடவிய பிறகு கண்டுபிடித்தேன்: வாசற்படியை ஒட்டி, மரப்பலகையின் மேல், கால் நுழைக்கத் தோதாக ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. தாழ்ப்பாளை எடுத்தேன். உள்ளே கட்டிலில் அம்மா புரளும் சத்தம் கேட்டது. படு என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“கதவைச் சாத்திவிட்டுப் போ” என்றாள். “பூனை வந்துவிடும்.”